ஐந்தாம் கட்டளையும் மெல்க்கோயாவின் தீயும்

நார்வே எண்ணெயில் வாழும் நாடு என்று படித்துவிட்டு ஸ்தவாங்கர் நகரத்தில் போய் இறங்குகிறவர், அந்த எண்ணெயைத் தேடிப்பிடிக்கத்தான் வேண்டும். ஊரில் ஒரு கிணறு கிடையாது. விமான நிலையத்திலிருந்து வந்த டாக்சி பேட்டரியில் ஓடியது. 2024இல் இந்த நாட்டில் விற்ற புதுக் கார்களில் பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது மின்கார்கள். பழைய ஊர்ப் பகுதியில் வெள்ளைச் சாயம் பூசிய மரவீடுகள், சன்னல்தோறும் பூந்தொட்டிகள். நூறு வருஷத்துக்கு முன் இங்கே வீசியது சிறுமீனைப் புகையூட்டி டப்பாவில் அடைக்கும் ஆலைகளின் வாடை. அந்தத் தொழில் படுத்துக்கொண்டிருந்த காலத்தில் எண்ணெய் வந்தது. அதுவும் கரையில் இல்லை. மேற்கே இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் தள்ளி, வடகடலின் அடியில்.

நான் போனது 2025 செப்டம்பர் தொடக்கத்தில். நாடாளுமன்றத் தேர்தலுக்குச் சில நாள்தான் பாக்கி. கட்சிகள் தெருவில் சின்னச் சின்ன மரக்கடை போட்டு, வருகிறவர்களுக்குக் காபியும் வாஃபிளும் கொடுத்து வாக்குக் கேட்டுக்கொண்டிருந்தன. ஒலிபெருக்கியும் இல்லை, கட்அவுட்டும் இல்லை. ஒரு கடையில் ‘இனிப் புதுக் கிணறு தேட வேண்டாம்’ என்றார்கள். அடுத்த கடையில் ‘ஐரோப்பாவுக்கு எரிவாயு கொடுக்க நம்மை விட்டால் யார்?’ என்றார்கள். இரண்டு பேரும் ஒரே அடுப்பில் வாஃபிள் சுட்டார்களோ என்னவோ, சுவை ஒன்றுபோல இருந்தது.

எண்ணெய் நிறுவனங்கள் எல்லாமே இப்போது ‘புகையைக் குறைக்கிறோம்’ என்று விளம்பரம் செய்கின்றன. அதை உண்மையாகச் செய்த இடம் ஒன்று உண்டென்றால் அது நார்வே என்று துறைக்காரர்கள் சொல்வார்கள். செய்திருக்கிறார்களா, செய்திருந்தால் எது செய்ய வைத்தது என்று பார்க்கத்தான் ஸ்தவாங்கரில் தொடங்கி வடகோடியில் ஹாமர்ஃபெஸ்ட் வரைக்கும் இந்தப் பயணம்.

துறைமுகத்து ஓரத்தில் இருக்கிறது நார்வே பெட்ரோலிய அருங்காட்சியகம். கடலிலிருந்து பார்த்தால் அதுவே ஒரு சிறிய எண்ணெய் மேடை போலத் தெரியும்படி உருளை உருளையாகக் கட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் கழித்துப்போட்ட கடல் சாமான்களை வைத்துப் பிள்ளைகளுக்கு விளையாட்டிடம் அமைத்திருக்கிறார்கள். உள்ளே போனால் 1969 கிறிஸ்துமஸ் சமயத்தில் எகோஃபிஸ்க் வயலில் எண்ணெய் கிடைத்த கதை, 1980 மார்ச்சில் அலெக்சாண்டர் கீலண்ட் மேடை கவிழ்ந்து 123 பேர் இறந்த கதை எல்லாம் இருக்கின்றன. எனக்கு அதிகம் பிடித்தது காட்சிப் பெட்டிக்குள் அடங்காத ஒரு மனிதரின் கதை.

ஃபாரூக் அல்காசிம் ஈராக்கின் பஸ்ரா ஊர்க்காரர், நிலவியல் படித்தவர், எண்ணெய்க் கம்பெனியில் நல்ல பதவியில் இருந்தவர். மனைவி நார்வேக்காரர். மகனுக்குப் பிறவியிலேயே மூளைமுடக்குவாதம். அதற்கான சிகிச்சை நார்வேயில் கிடைக்கும் என்று 1968இல் வேலையை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு புறப்பட்டார். ஒஸ்லோவில் காலை ரயிலில் இறங்கியவருக்கு மாமனார் ஊருக்குப் போக மாலைதான் ரயில். பொழுதைப் போக்குவானேன் என்று தொழில் அமைச்சகத்துக்கு நடந்து போய், ‘இங்கே எண்ணெய் தேடும் கம்பெனிகளின் பட்டியல் கிடைக்குமா?’ என்று கேட்டார். அமைச்சகத்தில் வடகடல் துரப்பண அறிக்கைகளைக் கையில் வைத்துக்கொண்டு படிக்க ஆளில்லாமல் தவித்துக்கொண்டிருந்தார்கள். பட்டியல் கேட்டு வந்தவரை உட்கார வைத்துப் பேசி, வேலையே கொடுத்துவிட்டார்கள். பிற்பாடு இந்த ஸ்தவாங்கரிலேயே, 1972இல் தொடங்கிய பெட்ரோலிய இயக்ககத்தில் பல ஆண்டு அவர் உயர் பொறுப்பில் இருந்தார். நார்வே தன் எண்ணெயை எப்படி நடத்த வேண்டும் என்ற திட்டத்தில் அவர் கை நிறையவே உண்டு.

1971இல் நாடாளுமன்றத்தின் தொழில்துறைக் குழு எண்ணெய்க்கென்று பத்துக் கொள்கைகளை வகுத்தது. ‘பத்துக் கட்டளைகள்’ என்றே ஊரில் சொல்கிறார்கள். ஐந்தாவது கட்டளை: பயன்படுத்தக்கூடிய எரிவாயுவைக் கொளுத்தக் கூடாது, சோதனைக்காகச் சிறிது காலம் மட்டும் விதிவிலக்கு.

இதன் கனம் நம் ஊரில் நரிமணம், குத்தாலம் பக்கம் இரவில் பேருந்தில் போனவர்களுக்குப் புரியும். வயலுக்கு நடுவே ஒரு குழாயின் உச்சியில் நின்று எரியும் தீ. எண்ணெயோடு சேர்ந்து எரிவாயுவும் வெளியே வரும். அதைக் குழாய் போட்டு விற்கக் காசு வேண்டும், திரும்ப மண்ணுக்குள் அழுத்தவும் காசு வேண்டும், தீக்குச்சி மலிவு. உலக வங்கியின் கணக்குப்படி 2024இல் உலகம் இப்படிக் கொளுத்திய எரிவாயு சுமார் 15,100 கோடி கன மீட்டர். கொளுத்தினாலாவது கரியமில வாயுவாகப் போகிறது. தீ சரியாக எரியாமல் மீத்தேனாகவே தப்பினால் இன்னும் கேடு, இருபது ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப்போல எண்பது மடங்கு சூடு பிடிக்கும். நார்வேக்காரர்கள் சூட்டை நினைத்து அந்தக் கட்டளையைப் போடவில்லை. 1971இல் பருவநிலையைப் பற்றி யார் பேசினார்கள்? விற்கக்கூடிய பண்டத்தை எரிப்பது ஊதாரித்தனம் என்ற குடியானவப் புத்திதான். அந்தப் புத்தியால் எகோஃபிஸ்க் எரிவாயு 1977இல் கடலடிக் குழாய் வழியாக ஜெர்மனி போய்ச் சேர்ந்தது. அல்காசிம் பிறந்த ஈராக்கோ, உலகில் அதிகம் கொளுத்தும் நாடுகளின் பட்டியலில் இன்னும் முதல் வரிசையில் இருக்கிறது. பஸ்ராவின் வானம் இரவிலும் சிவந்திருக்கிறது.

அடுத்த கட்டம் 1991. கடலில் எரிக்கும் எரிவாயுவுக்கும் டீசலுக்கும் கார்பன் வரி என்றது அரசு. உலகில் அந்த வரியை முதலில் போட்ட நாடுகளில் இதுவும் ஒன்று. கம்பெனிகள் கூச்சல் போட்டன. அந்த நேரம் பார்த்து ஸ்லைப்னர் வயலில் ஒரு சிக்கல். அங்கே வரும் எரிவாயுவில் சுமார் 9 சதவீதம் கரியமில வாயு. விற்க வேண்டுமென்றால் அதை 2.5 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிரித்தெடுத்ததை வழக்கம்போலக் காற்றில் விட்டால் ஆண்டுக்குச் சுமார் பத்து லட்சம் டன், அத்தனைக்கும் வரி. கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். விடுவதைவிடப் புதைப்பது மலிவு.

1996இல் தொடங்கியது புதைப்பு. கடலடிக்குக் கீழே எண்ணூறு, ஆயிரம் மீட்டர் ஆழத்தில் உட்சீரா என்றொரு மணற்கல் படுகை. கல் என்றால் கருங்கல் அல்ல. இட்லியைப் போலத் துளைத்துளையாக இருக்கும், துளைகளில் உப்புநீர். அதற்கு மேலே சில நூறு மீட்டர் தடிமனுக்குக் களிப்பாறை மூடி. மேடையிலேயே அமீன் கரைசலால் கழுவிப் பிரித்த கரியமில வாயுவை அழுத்தி உள்ளே தள்ளுகிறார்கள். காற்றில் கலக்காமல் இருக்கட்டும் என்பதற்காகவே பெரிய அளவில் நடந்த முதல் புதைப்பு உலகில் இதுதான். அவ்வப்போது ஒலியலை அனுப்பிப் படம் எடுத்து அது எங்கே போகிறது என்று பார்க்கிறார்கள். 1999இல் எடுத்த படம் எல்லோரையும் வியக்க வைத்தது: நடுவில் இருக்கும் மெல்லிய களியடுக்குகள் தடுக்கும் என்று நினைத்ததைவிட வேகமாக, வாயு படுகையின் உச்சிக்கே ஏறியிருந்தது. மேல்மூடி தாங்கியது, இன்றுவரை தாங்குகிறது. கார்பன் புதைப்பின் ஆதரவாளர்கள் இந்தப் படத்தைக் காட்டி ‘பார், கசியவில்லை’ என்பார்கள். எதிர்ப்பவர்கள் அதே படத்தைக் காட்டி ‘பார், நீ நினைத்தபடி நடக்கவில்லை’ என்பார்கள். இரண்டு பேர் சொல்வதும் நிஜம்.

இடையில் ஒரு செய்தி. 1991 ஆகஸ்டில், இதே ஸ்லைப்னர் மேடைக்காக வார்த்த கான்கிரீட் அடித்தளம் ஸ்தவாங்கர் பக்கத்து ஃபியோர்டில் சோதனையின்போது வெடித்து மூழ்கியது. கணினியில் போட்ட தாங்குதிறன் கணக்குத் தவறிவிட்டது. ஆளுக்குச் சேதமில்லை. உடனே புதிதாக ஒன்றை வார்த்துக் கடலுக்கு அனுப்பினார்கள். பணமிருக்கும் ஊர்.

ஸ்தவாங்கரிலிருந்து பெர்கனுக்குச் சாலையில் போவதென்றால் வழியில் கடல் குறுக்கிடும். முதலில் கடலடிச் சுரங்கம், பிறகு படகு, பிறகு மறுபடி சுரங்கம். மோர்த்தவீகா துறையில் காரோடு படகில் ஏறினால் இருபது இருபத்தைந்து நிமிஷம் காற்று முகத்தில் அறையும். இந்தத் துறையில் பல ஆண்டு திரவ எரிவாயுவில் ஓடும் படகுகள் இருந்தன. இப்போது கீழே உலகின் மிக நீளமான, மிக ஆழமான கடலடிச் சாலைச் சுரங்கத்தைத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள், 27 கிலோமீட்டர். முடிந்தால் படகுக்கு வேலையில்லை. படகில் சாப்பிடக் கிடைப்பது சாசேஜும் ‘ஸ்வெல’ என்ற தடித்த இனிப்புத் தோசையும். காபி நம்ம ஊர்க் கணக்கில் ஐந்நூறு ரூபாய்க்குப் பக்கம், ருசி அதற்குத் தகுந்ததில்லை.

அக்கரையில் வழியை விட்டுச் சற்று விலகினால் கோர்ஸ்தோ எரிவாயு ஆலை வரும். அதன் அருகே ஹௌக்ஸ்னெஸ் என்ற இடத்திலிருந்து கடலுக்குள் இரண்டு ஜோடி மின்கம்பிகள் இறங்குகின்றன. சுமார் 200 கிலோமீட்டர் போய் யோஹான் ஸ்வெர்ட்ரூப் வயலில் ஏறுகின்றன. இந்த ஒரு வயல்தான் நார்வே எண்ணெயில் மூன்றில் ஒரு பங்கைத் தருகிறது. எண்ணெய் மேடை என்பது ஒரு சிறு நகரம். அதற்கு வேண்டிய மின்சாரத்தை, எடுத்த எரிவாயுவிலேயே கொஞ்சத்தை டர்பைனில் எரித்துத் தயாரிப்பது வழக்கம். நார்வேக் கடலில் வரும் புகையில் பெரும்பங்கு இந்த டர்பைன்களுடையது. அதை அணைத்துவிட்டுக் கரையிலிருந்து நீர்மின்சாரத்தை இழுத்தால்? 1996இல் ட்ரோல் ஏ என்ற ராட்சத மேடை அதைச் செய்து காட்டியது. 2019இல் உற்பத்தி தொடங்கிய யோஹான் ஸ்வெர்ட்ரூப் பெரிய அளவில் செய்தது. ஒரு பீப்பாய் எடுக்க உலக சராசரியாகப் பதினைந்து கிலோ அளவுக்குக் கரியமில வாயு வெளியேறுகிறது. இங்கே ஒரு கிலோகூட இல்லை. 2023இல் இன்னும் ஒரு படி போய், ஸ்நோரா, குல்ஃபாக்ஸ் வயல்களின் ஐந்து மேடைகளுக்கு மிதக்கும் காற்றாலைகள் பதினொன்றைக் கடலிலேயே நிறுத்தினார்கள்; அந்த மேடைகளுக்கு வேண்டிய மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கு அதிலிருந்து.

இதையெல்லாம் கம்பெனிகளின் நல்ல மனசு என்று எழுதிவிட முடியாது. கார்பன் வரியும் ஐரோப்பியக் கார்பன் சந்தை விலையும் சேர்ந்து டன்னுக்கு 2030க்குள் 2,000 குரோனர் ஆகும் என்று அரசு 2021இலேயே அறிவித்துவிட்டது. இன்னொரு பக்கம், எண்ணெய் லாபத்துக்கு இங்கே 78 சதவீதம் வரி. செலவை லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். ஆகவே கம்பெனி மின்கம்பி போட நூறு குரோனர் செலவழித்தால் அதில் 78 அரசின் வரவிலிருந்து போகிறது. அடியும் அரசுடையது, தடவிக்கொடுப்பதும் அரசுடையது.

பெர்கனில் நண்பர் ஒருவரின் உறவினர் வீட்டில் சாப்பாடு. யாழ்ப்பாணத்துக்காரர், அறுபது தாண்டியவர். எண்பதுகளில் வந்து வடக்கே ஃபின்மார்க் கரையில் மீன் ஆலையில் கத்தி பிடித்தவர். அந்தக் காலத்தில் நிறைய ஈழத்தமிழர் அங்கேதான் தொடங்கினார்கள். இப்போது பெர்கனில் மின்பேருந்து ஓட்டுகிறார். கணவாய்க் கறியும் புட்டும் பரிமாறிக்கொண்டே பேச்சு மின்கட்டணத்துக்கு வந்தது.

“நான் வந்த காலத்தில இஞ்ச கரண்டுக்கு ஆரும் கணக்குப் பாக்கேல்லை தம்பி. ஹீற்றரைப் போட்டுவிட்டிட்டு வேலைக்குப் போவினம். இப்ப என்ர மனிசி சாமத்திலதான் உடுப்புத் தோய்க்கிற மெசினைப் போடுறா. விலை அப்பதான் குறைவு.”

“எண்ணெய் மேடைக்குக் கரண்ட் கொடுப்பதனாலா அண்ணா?”

“அப்பிடித்தான் சனம் கதைக்குது. எரிக்கிறதுக்கெண்டு எடுக்கிற எண்ணெய். அதைச் சுத்தமா எடுக்கிறதுக்கு எங்கட ஆத்துத் தண்ணியில வாற கரண்ட். எனக்கு விளங்கேல்லை.”

அவர் சொன்னதில் பாதி வாதத்துக்குரியது. 2021இல் ஜெர்மனிக்கும் இங்கிலாந்துக்கும் புதுக் கடலடி மின்கம்பிகள் ஓடத் தொடங்கின. அதே ஆண்டு ஐரோப்பாவில் எரிவாயு விலை ஏறியது. அடுத்த ஆண்டு யுக்ரேன் போர். தெற்கு நார்வேயின் கட்டணம் ஏறியதற்கு இவைதான் முதல் காரணம். ஆனால் அவருடைய கடைசி வாக்கியத்துக்கு எந்தப் பொறியாளரிடமும் எனக்கு நேரான பதில் கிடைக்கவில்லை.

பெர்கனுக்கு மேற்கே, பாலம் பாலமாகத் தாண்டி ஒரு மணி நேரத்துக்குள் ஊய்கார்டன் தீவுகள். மரம் குறைந்து பாறையும் புதரும் மிஞ்சும் இடம், காற்று நிற்பதில்லை. கொல்ஸ்னெஸ் எரிவாயு ஆலையும் ஸ்துர எண்ணெய் முனையமும் இங்கேதான். அவற்றுக்குப் பக்கத்தில் புதிதாக நிற்கிறது ‘நார்தர்ன் லைட்ஸ்’ நிலையம்: வரிசையாக நெட்டுக்குத்தாகப் பன்னிரண்டு தொட்டிகள், ஒரு கப்பல் துறை, கடலுக்குள் இறங்கும் ஒரு குழாய். ஈக்வினார், ஷெல், டோட்டல்எனர்ஜிஸ் மூன்றும் கூட்டாக நடத்துவது. முதல் கட்டச் செலவில் பெரும்பங்கு அரசுடையது. நான் போவதற்குச் சில வாரம் முன்புதான், 2025 ஆகஸ்டில், முதல் கரியமில வாயுவை உள்ளே இறக்கியிருந்தார்கள்.

ஸ்லைப்னருக்கும் இதற்கும் வித்தியாசம், இங்கே புதைப்பது அடுத்தவருடைய கழிவு. தென்கிழக்கே பிரேவிக் என்ற ஊரில் ஒரு சிமென்ட் ஆலை. சிமென்ட்டில் ஒரு வில்லங்கம் உண்டு: எரிபொருளை மாற்றினாலும் சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லிலிருந்தே கரியமில வாயு வெளியேறும், புகையில் பாதிக்கு மேல் அதுதான். வேறு வழியில்லாத இந்த இடத்தில் புதைப்புக்கு நியாயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆண்டுக்கு 4 லட்சம் டன்னை அங்கே பிடித்து, குளிரூட்டித் திரவமாக்கி, கப்பலில் ஏற்றி இங்கே கொண்டுவருகிறார்கள். தொட்டியில் இறக்கி, 100 கிலோமீட்டர் குழாயில் அனுப்பி, கடலடிக்கு 2,600 மீட்டர் கீழே தள்ளுகிறார்கள். கப்பலில் காற்றின் விசையை வாங்கிக்கொள்ளச் சுழலும் ஒரு தூண் பாய்மரம்போல நிற்கிறது. கப்பலின் எரிபொருள், திரவ எரிவாயு. புகையைச் சுமந்து வரும் கப்பலும் கொஞ்சம் புகைவிட்டுக்கொண்டுதான் வருகிறது.

இந்தக் கரையின் ஆசை பழையது. வடக்கே மோங்ஸ்டாட் சுத்திகரிப்பு ஆலையின் புகையைப் பிடிப்பதை ‘நம்முடைய நிலவுப் பயணம்’ என்று 2007 புத்தாண்டு உரையில் அறிவித்தார் அன்றைய பிரதமர் யென்ஸ் ஸ்டோல்டன்பெர்க். செலவு ஏறிக்கொண்டே போய், 2013இல் அந்த முழுத் திட்டத்தைக் கைவிட்டார்கள். சோதனைக்கூடம் மட்டும் தங்கியது. அதைப் பார்க்க ஊய்கார்டன் பெரிய முன்னேற்றம்தான். இப்போதைய கொள்ளளவு ஆண்டுக்கு 15 லட்சம் டன். அடுத்த கட்டத்தில் 50 லட்சம். நார்வே ஏற்றுமதி செய்யும் எண்ணெயும் எரிவாயுவும் வாங்கியவர் நாட்டில் எரியும்போது வெளிவருவது ஆண்டுக்கு ஏறக்குறைய 50 கோடி டன். இந்தப் பன்னிரண்டு தொட்டியும் நிரம்பி வழிந்தாலும் அதில் ஆயிரத்துக்கு மூன்று பங்கு.

ஹாமர்ஃபெஸ்டுக்கு விமானம், துரோம்சோவில் மாறி, சின்ன விமானத்தில். துருவ வட்டத்துக்கு மேலே வெகுதூரம். 1944 கடைசியில் பின்வாங்கிய ஜெர்மன் படை ஊரைக் கொளுத்திவிட்டுப் போனதால், இடுகாட்டுச் சிற்றாலயம் ஒன்றைத் தவிரப் பழைய கட்டடமே இல்லை. 1891லேயே நீர்மின்சாரத்தில் தெருவிளக்கு எரித்த ஊர் என்று பெருமை பேசுவார்கள். குளிர்காலத்தில் இரண்டு மாதம் சூரியன் வராத ஊருக்கு அந்த அவசரம் இருந்திருக்கும். ஊருக்குப் பின்னால் சாலன் குன்று. வளைந்து வளைந்து ஏறும் பாதை. மேலே போய் நின்றால் துறைமுகம், வண்ணவண்ண வீடுகள், அவற்றுக்கு அப்பால் கடலில் மெல்க்கோயா தீவு. தீவு முழுக்கக் குழாயும் தொட்டியும், நடுவே உயர்ந்த கம்பத்தில் தீ.

ஸ்னோவித் எரிவாயு வயல் இங்கிருந்து சுமார் 140 கிலோமீட்டர் தூரத்தில் பாரன்ட்ஸ் கடலில் இருக்கிறது. கடல் மேல் மேடையே கிடையாது, எல்லாம் கடலடித் தரையில். எரிவாயு குழாயில் மெல்க்கோயா வந்து, மைனஸ் 163 டிகிரிக்குக் குளிர்ந்து திரவமாகிக் கப்பல் ஏறுகிறது. இந்த வாயுவிலும் கரியமில வாயு கலந்திருக்கிறது. அதை முதலில் எடுக்காவிட்டால் குளிரும்போது உறைந்து குழாயை அடைத்துவிடும். எடுத்ததைத் திருப்பிக் குழாயில் வயலுக்கே அனுப்பி 2008 முதல் புதைக்கிறார்கள். ஸ்லைப்னர் அளவுக்குக்கூட இது சொன்னபடி கேட்கவில்லை. மூன்று ஆண்டுக்குள் படுகையில் அழுத்தம் ஏறி, இனித் தாங்காது என்ற நிலை. 2011இல் வேறு அடுக்குக்கு மாற்ற வேண்டியதாயிற்று. ஆளுக்கொரு குணம்போல ஒவ்வொரு பாறைக்கும் ஒரு குணம்.

2007இல் ஆலை தொடங்கியபோது எந்திரம் சரியாக ஓடாமல் மாதக்கணக்கில் வாயுவைக் கொளுத்தினார்கள். கார் மேலும் சன்னல் மேலும் கரி படிந்தது. 2020 செப்டம்பரில் தீவிபத்து. 2022 நடுப்பகுதி வரை ஆலை மூடிக்கிடந்தது. இதற்காக ஊர்க்காரர் ஆலையை வெறுக்கிறார்கள் என்று எண்ண வேண்டாம். ஆலை கட்டும் சொத்துவரியில் பள்ளிக்கூடங்களைப் புதுப்பித்து, துறைமுகத்தில் கலை அரங்கமும் கட்டிக்கொண்டார்கள். மீன் ஆலைகள் மூடி, இளையவர்கள் தெற்கே போய்க்கொண்டிருந்த ஊர் நிமிர்ந்தது இந்தத் தீயால்தான்.

இப்போதைய சண்டை தீயைக் கூட்டுவது பற்றியதல்ல, குறைப்பது பற்றியது. மெல்க்கோயாவின் எரிவாயு டர்பைன்கள் ஆண்டுக்குச் சுமார் 8.5 லட்சம் டன் கரியமில வாயுவை விடுகின்றன. நாட்டின் மொத்தப் புகையில் ஏறக்குறைய 2 சதவீதம் ஒரே தீவிலிருந்து. அவற்றை நிறுத்திவிட்டுக் கரை மின்சாரத்தில் ஓட்டும் திட்டத்துக்கு 2023 ஆகஸ்டில் அரசு ஒப்புதல் கொடுத்தது; மின்சாரம் எடுப்பது 2030 முதல். அதற்குப் புது உயரழுத்தக் கம்பி வேண்டும், ஃபின்மார்க் மலைகளில் புதுக் காற்றாலைகள் வேண்டும். அந்த மலைகள் வடக்கின் பழங்குடிகளான சாமி மக்களின் பனிமான் மேய்ச்சல் நிலம்.

கோடையில், ஹாமர்ஃபெஸ்ட் ஊர் இருக்கும் தீவுக்கு மேய வரும் பனிமான்கள் ஊர்த் தெருவிலேயே திரியும். ஒரு கடை வாசலில் இரண்டு நின்றன, யாரையும் சட்டை செய்யவில்லை. கம்பி போகும் வழியிலும் காற்றாலை சுற்றும் இடத்திலும் அவை அப்படி நிற்பதில்லை. பெண்மான்கள் கன்று ஈனும் காலத்தில் விலகியே போகின்றன என்கிறார்கள் மேய்ப்பர்கள். சாமி நாடாளுமன்றம் திட்டத்தை எதிர்க்கிறது. இது வெறும் பயமல்ல என்பதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. தெற்கே ஃபோசென் பகுதியில் கட்டி முடித்த இரண்டு காற்றாலைப் பண்ணைகளுக்குக் கொடுத்த அனுமதி சாமி மேய்ப்பர்களின் பண்பாட்டு உரிமையை மீறியது என்று 2021இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்புக்குப் பிறகும் காற்றாலைகள் சுற்றிக்கொண்டுதான் இருந்தன. 2023இல் இளைஞர்கள் ஒஸ்லோவில் அமைச்சக வாசலை மறித்து உட்கார்ந்த பிறகே அரசு வாய்திறந்தது.

புகையைக் குறைப்பது நல்ல காரியமாக இருந்தும் அதற்கான விலையை யார் கொடுப்பது என்று கேட்டால் கை வழக்கமான திசையையே காட்டுகிறது. கம்பெனிக்கு வரிக்கழிவு உண்டு, அரசுக்குக் கணக்கில் 2 சதவீதம் குறையும். மேய்ப்பருக்கு நிலம் போகும்.

அந்தக் கணக்கையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். நார்வேக்குள் வெளியேறும் மொத்தப் புகை ஆண்டுக்குச் சுமார் நாலரைக் கோடி டன், அதில் எண்ணெய், எரிவாயுத் துறை நான்கில் ஒரு பங்கு. இந்த நான்கில் ஒரு பங்கைத்தான் வரி போட்டும் கம்பி இழுத்தும் புதைத்தும் குறைக்கிறார்கள். விற்ற சரக்கு எரிந்து வரும் புகை நாட்டின் மொத்தப் புகையைப்போல் பத்து மடங்குக்கு மேல், அது வாங்கியவர் கணக்கு. ஐ.நா. விதியும் அப்படித்தான், நார்வே ஏமாற்றவில்லை. ஆனாலும் 2024 ஜனவரியில் ஒஸ்லோ மாவட்ட நீதிமன்றம் மூன்று புது வயல்களுக்கான ஒப்புதல் செல்லாது என்றது. எரிக்கும்போது வரும் புகையை மதிப்பிடாமலே ஒப்புதல் கொடுத்துவிட்டார்கள் என்பது காரணம். 2025 மே மாதம் எஃப்டா (ஐரோப்பியத் தடையற்ற வணிகச் சங்க) நீதிமன்றமும் அந்தப் புகை திட்டத்தின் விளைவுதான், மதிப்பிட்டாக வேண்டும் என்று கருத்துரைத்தது. நான் போனபோது அரசு மேல்முறையீட்டில் நின்றது.

நார்வேயைப் பாசாங்குக்கார நாடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எண்ணெய் எடுக்கும் நாடுகள் எல்லாம் ஐந்தாம் கட்டளையை எழுதி, இந்தக் கார்பன் வரியைப் போட்டு, அதை வசூலும் செய்திருந்தால் அந்த 15,100 கோடி கன மீட்டரில் பெரும்பகுதி எரிந்திருக்காது. இதற்குப் புதுக் கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. 1971லும் 1991லும் சட்டப் புத்தகத்தில் ஏறியதுதான். நம் டெல்டாவில் எரியும் குழாய்களுக்கும் அது பொருந்தும். மெல்க்கோயா வேறு விஷயம். 2030க்குப் பிறகு அந்தத் தீவின் டர்பைன்கள் நின்றால் நார்வேயின் கணக்கில் ஆண்டுக்கு 8.5 லட்சம் டன் குறையும். டர்பைனில் எரியாமல் மிஞ்சும் எரிவாயு கப்பல் ஏறி ஐரோப்பாவுக்குப் போய், அங்கே எரியும்.